வாசல் வரை வந்து திரும்பிய டிரம் சத்தம்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயர் அவர்களுக்கும் திருச்சபையின் சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். கீழ் லைன் குடியிருப்பின் கடைசி வீட்டுக்காரன் எழுதுகிறேன். பெயர் எதற்கு? கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் பட்டியலில் இந்த வருடம் அடிக்கப்பட்ட பெயர் எது என்று உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை இரவு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு 78 வயது. பத்து மணிக்கே இஞ்சி தட்டிப் போட்டுச் சாயத்தண்ணி, அதான் பால் இல்லாத டீ, வைத்து பிளாஸ்கில் ஊற்றிவிட்டார். குன்னூர் பேக்கரியில் வாங்கிவந்த ஒரு கிலோ வர்க்கி பிஸ்கட்டைத் தாம்பாளத்தில் அடுக்கி மேலே வெள்ளைத் துணி போட்டார். அன்று நல்ல உறைபனி. கேரட் பாத்தி மேல் விரித்திருந்த சாக்கு, தொட்டால் பலகை மாதிரி இருந்தது. உள்ளே வந்து படுங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்காமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றேகால் மணிக்கு டிரம் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்கடா, லைட்டப் போடு" என்றார். போட்டேன். பையன்கள் எங்கள் வளைவு வரை வந்தார்கள். ஒரு டார்ச் வெளிச்சம் வாசலில் பட்டு அம்மா முகத்தில் நின்றது. யாரோ ஏதோ சொன்னார்கள், டிரம் நின்றது. கூட்டம் திரும்பி, படிக்கட்டு வழியாக மேல் லைனுக்கு ஏறிப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார்: "பிள்ளைங்களுக்கு வீடு மறந்து போச்சா?"

மறுநாள் ஒரு தம்பி தலையைக் குனிந்துகொண்டு காரணம் சொன்னான். விசுவாசிகள் வீட்டுக்கு மட்டும் போனால் போதும் என்று கமிட்டியில் முடிவாம். கிறிஸ்து பிறப்பின் பொருளை நம்பாதவர்கள் கொண்டாடினால் பண்டிகை வெறும் கேக்கும் ஸ்டாருமாகிவிடும் என்று பேசினார்களாம்.

அந்தக் கவலை பொய் என்று சொல்லமாட்டேன். டிசம்பர் பிறந்தால் ஊட்டியில் பாதி ஓட்டல் வாசலில் மரம் நிற்கிறது, பஞ்சுத்தாடி வைத்த தாத்தா நிற்கிறார், யாருடைய பிறந்தநாள் என்பது மட்டும் எங்கும் இல்லை. எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அங்கே சாப்பிட உட்காருகிறவரிடம் விசுவாசியா என்று எந்தக் கமிட்டியும் கேட்பதில்லை. கேள்வி எல்லாம் வர்க்கியோடு காத்திருக்கும் கிழவியிடம்தான்.

நான் நம்பிக்கை இல்லாதவன்தான். என் அப்பா பெரியார் தொண்டர். வீட்டில் சாமி படம் கிடையாது. ஆனால் ஸ்டார் உண்டு. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். 1974 டிசம்பரில் இந்த மலைக்கு வந்தபோது அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து ஒரு போர்வை. கேரல் பாடவந்த உங்கள் சபை ஊழியர் உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் இரண்டு கம்பளி கொண்டுவந்து போட்டார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாராம். அப்பா வேண்டாம் என்றாராம். சரி என்று டீ குடித்துவிட்டுப் போனாராம். அடுத்த வருடம் அப்பா மூங்கில் சிம்பு கட்டி, கிளேஸ் பேப்பர் ஒட்டி, முதல் ஸ்டாரைத் தொங்கவிட்டார். அப்பா போன பிறகு நான் கட்டுகிறேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் இதுதான் பொருள்.

உங்கள் பொருளும் எனக்குத் தெரியாததல்ல. கடவுளே மனிதனாகி மாட்டுத் தொட்டியில் பிறந்தார் என்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை, கேலியும் செய்ததில்லை. ஆராதனைக்கு வந்தால் கடைசி பெஞ்சு. திருவிருந்து நேரத்தில் எழுந்து முன்னால் வந்ததே இல்லை. அது உங்களுடையது. மத்தேயு சொல்கிற கிழக்கத்திய சாஸ்திரிகளும் வெளியாட்கள்தான். பொன்னும் தூபவர்க்கமும் கொண்டுவந்தவர்களிடம் சபைச் சந்தா ரசீது கேட்டதாக அவர் எழுதவில்லை.

பொருள் பொருள் என்கிறோமே, இந்தப் பண்டிகையே வேண்டாம் என்றவர்கள் யார் தெரியுமா? என் அப்பா மாதிரி ஆட்கள் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டவர்கள் தீவிர விசுவாசிகள். வேதத்தில் இந்தத் தேதி இல்லை என்பது அவர்கள் வாதம். 1681-இல்தான் அந்தச் சட்டம் போனது. அவ்வளவு தூரம் போவானேன், ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயம் கட்ட மரம் வந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து. அந்த உத்தரம் எந்த விசுவாசம் என்று யாரும் கேட்கவில்லை. கூரையைத் தாங்கினால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் இடிதான். "சாமி இல்லங்கற, ஸ்டார் மட்டும் கட்டுற" என்று கழகத் தோழர்கள் சிரிக்கிறார்கள். இந்து வீட்டில் ஸ்டார் கட்டாதே என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு மெசேஜ் சுற்றுகிறது. அதை அனுப்புகிறவர்களும் நீங்களும் ஒரே முடிவுக்கு வந்து நிற்கிறீர்களே, கவனித்தீர்களா? இதில் மட்டும் என்ன ஒற்றுமை! எங்கள் வளைவில் தெருவிளக்கு எரியாமல் எட்டு மாதம் ஆகிறது, அதற்கு ஒரு தீர்மானம் போட ஊரில் எந்தக் கமிட்டியும் இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது ஒன்றுதான். கூப்பிடுகிற வீட்டுக்கு வாருங்கள். கூப்பிடாத வீட்டுக்குப் போக வேண்டாம், அது நியாயம். வந்தால் இயேசு பெயர் சொல்லியே பாடுங்கள். எங்களுக்காகப் பாட்டை மாற்ற வேண்டாம். நம்புகிறாயா என்று என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். அந்தக் கேள்வியை அம்மாவின் வாசலில் வைக்காதீர்கள். கூப்பிடுகிற வீட்டுக்கு வாருங்கள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை இரவு கடைசி ரவுண்ட்ஸ் என்று கேள்விப்பட்டேன். வருவதாக இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்தத் தம்பியை விட்டு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். சனிக்கிழமை வர்க்கி நமுத்துப் போய்விட்டது. புதிதாக வாங்க வேண்டும். கடைசி பஸ்ஸுக்குள் குன்னூர் போய்த் திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
கீழ் லைன் கடைசி வீடு