ஒளிரும் நுண்பாசிப் பட்டறைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

உயிருள்ள பொருட்களைக் கொண்டு வடிவமைப்பதற்காக எங்கள் மாணவர்களுக்கு நடத்திய பயிற்சிப் பட்டறை இனிதே நிறைவடைந்தது. அதற்குக் கைகொடுத்த அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

பைரோசிஸ்டிஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்னும் கடல் நுண்பாசியைத் தம் ஆய்வகத்திலிருந்து பகிர்ந்தளித்த கடல் உயிரியல் ஆய்வு மாணவிக்கு முதல் நன்றி. இருளில் பாசி உள்ள குடுவையை அசைத்தால், அந்த அசைவு உயிரணுவின் உள்ளே அமிலத்தன்மையைத் தூண்ட, வினையைத் தூண்டும் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையால் லூசிஃபெரின் என்ற ஒளிதரும் பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நீல ஒளி பிறக்கிறது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அதைவிடப் பெரிய உதவி, பராமரிப்பு விதிகளைச் சொல்லும் முன் மாணவர்களை விளையாட விடுங்கள் என்று அவர் வற்புறுத்தியதுதான். ஒருவர் எழுப்பும் ஒளிக்கு மற்றவர் ஒளியாலேயே விடைசொல்லும் ஆட்டம் ஒன்றை மாணவர்கள் அமைத்தார்கள். அசைக்க அசைக்க ஒளி மங்குவதையும், பகல் வெளிச்சம் பெற்று ஓய்ந்த பிறகே அது மீள்வதையும் கண்டவர்கள், "இன்றைக்குப் போதும், அது களைத்துவிட்டது" என்று தாங்களே நிறுத்தினார்கள். மிகக் குறைந்த அசைவில் ஒளியைப் பெறுபவரே வென்றவர் என்று ஆட்டத்தின் விதியையும் மாற்றிக்கொண்டார்கள். அச்சிட்டுக் கொடுத்த எந்தக் குறிப்பும் இதைச் செய்திருக்காது என்று உறுதியாக நம்புகிறோம்.

பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருள் என்று மாறும்படி விளக்குப்பெட்டி செய்துகொடுத்து, எங்கள் வகுப்பு நேரமே பாசிக்கு இரவாகும்படி அமைத்த தச்சருக்கும் மின்பணியாளருக்கும் நன்றி. கோடை வெயிலில் அறையின் குளிர்ச்சி குறையாமல் விடுமுறை நாட்களிலும் கவனித்துக்கொண்ட ஆய்வக உதவியாளர் இல்லாவிட்டால் குடுவைகளில் இருந்த பாசி பிழைத்திருக்காது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜாஸ்மின் லூ, பெட்ரோ லோப்பஸ் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுடைய கைக்கடிகாரத்தில், ஓட்ஸும் நீரும் பெற்று வளரும் சளிப்பூஞ்சை என்னும் உயிரி இதயத்துடிப்பு உணரிக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது. அணிந்தவர் அதைக் கவனிக்காமல் விட்டால் உணரியும் நின்றுவிடும். வடிவமைக்கும் பொருளுக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே உறவு தேவை என்ற எண்ணத்தை எங்களுக்குத் தந்தது அந்தக் கடிகாரமே.

குடுவைகளை வீட்டுக்கு எடுத்துச்சென்ற பிள்ளைகளுக்காக ஓர் இருட்டு மூலையை ஒதுக்கித்தந்த பெற்றோருக்கும் எங்கள் வணக்கம். தொடர்ந்து வளர்க்க இயலாதவர்கள் அந்நீரைக் கால்வாயிலோ கடலிலோ ஊற்றாமல் எங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆய்வு மாணவி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அன்புடன் இசைந்திருக்கிறார்.

நன்றியுடன்,
பட்டறை ஒருங்கிணைப்புக் குழு