தையல் மெஷினை விற்க வேண்டாம் அம்மா

கொலோன்,
24.1.1993

என் அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நல்ல சுகம். நீங்களும் அக்காவும் தம்பியும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். ஐப்பசியில் நீங்கள் போட்ட கடிதம் கிளாலிக் கடலேரி தாண்டி, கொழும்பில் ராசன் அண்ணையின் கைக்குப் போய், போன கிழமைதான் இங்கே வந்தது. தீபாவளிக்கும் எழுதவில்லை, பொங்கலுக்கும் எழுதவில்லை. பேனையை எடுப்பேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

சவர்க்காரம் இல்லாமல் பனங்காயில் உடுப்புத் தோய்ப்பதையும், ஜாம் போத்தல் விளக்கில் தம்பி படிப்பதையும் எழுதியிருந்தீர்கள். கடைசியில், சிங்கர் மெஷினை விற்கலாம் என்று யோசிப்பதாக ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

படியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கீழ்வீட்டு ஆச்சியைப் பற்றி முன்பு எழுதினேனே, அவர் இப்போது என்னோடு கதைக்கிறார். தினமும் நான் கடிதப்பெட்டியைத் திறந்து பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள், "உன் வீட்டிலிருந்து கடிதம் வருவதில்லையா?" என்று கேட்டார். நான் ஊர் நிலைமையைச் சொன்னேன். தன் தகப்பனின் தங்கை அமெரிக்காவில் இருந்தாராம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம், 1946 வசந்தம் வரைக்கும், ஜெர்மன்காரர் வெளிநாட்டுக்குக் கடிதம் போட அனுமதியில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லை. அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டு சூப் தந்தார். இந்த வீட்டுக்கு காஸ் சூடு வருகிறது. ஆனாலும் நிலக்கீழ் அறையில் ஒரு வாளி நிலக்கரி வைத்திருக்கிறார், அம்மா. யாரையும் தொட விடமாட்டார்.

அவர் முதலில் சொன்னது பசிக்கதை இல்லை. 1941 ஐப்பசியில், அவர்கள் தெருவில் இருந்த யூதக் குடும்பத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் டொய்ட்ஸ் கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஆச்சிக்கு அப்போது பத்து வயது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். "இதைக் கேட்டுவிட்டு மற்றதைக் கேள்" என்றார்.

சண்டையில் தோற்றபிறகு, வென்ற நாடுகள் ஜெர்மனியை நாலு துண்டாக்கின. கொலோன் பிரிட்டிஷ் பகுதி. ஒரு பகுதியிலிருந்து மற்றதுக்குப் போகப் பாஸ் வேண்டும். முதலில் சிப்பாய்கள் சின்னப் பிள்ளைகளோடுகூடக் கதைக்கக்கூடாது என்று கட்டளை. 1945 ஜூனில்தான் அதைத் தளர்த்தினார்கள். சாப்பாடு எல்லாம் கூப்பன், எங்கள் சங்கக்கடை மாதிரி. 1946 மார்ச்சில் ஒரு ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 1000 கலோரி என்று குறைத்தார்கள். இரண்டு துண்டுப் பாண், இரண்டு சின்ன உருளைக்கிழங்கு, கொஞ்சம் மாஜரின், ஒரு கரண்டி பால் சூப், அவ்வளவுதான். உலகமெங்கும் தட்டுப்பாடு, பிரிட்டனிலேயே அந்த வருஷம் பாணுக்குக் கூப்பன் வந்தது என்பதையும் ஆச்சியே சொன்னார்.

அந்த மாரியில் ரைன் ஆறு உறைந்துவிட்டது. ரூர் சுரங்கத்து நிலக்கரி ரயில் ரயிலாக வெளிநாட்டுக்குப் போக, இங்கே சனம் விறைத்தது. ரயில் கைகாட்டியில் நிற்கும்போது பிள்ளைகள் ஏறிக் கரியைக் கீழே தள்ளுவார்கள். ஆச்சியும் ஏறியிருக்கிறார். 1946 டிசம்பர் 31ஆம் திகதி, இங்கே ரீல் என்ற இடத்துத் தேவாலயத்தில் கார்டினல் ஃப்ரிங்ஸ் பிரசங்கம் செய்தார். உழைத்தும் கேட்டும் கிடைக்காதபோது, உயிரையும் உடம்பையும் காக்கத் தேவையானதை எடுத்துக்கொள்வது குற்றமில்லை என்றாராம். அதிலிருந்து கரி எடுப்பதற்கு 'ஃப்ரிங்ஸன்' என்று அவர் பெயரிலேயே ஒரு சொல் வந்துவிட்டது.

ஆச்சியின் தகப்பன் இயந்திரம் பொருத்துகிறவர். இன்னொரு தரம் சண்டைக்குப் போக முடியாதபடி தொழிற்சாலைகளைக் கழற்ற வேண்டும் என்று 1947இல் பட்டியல் போட்டார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் பகுதிகளில் மட்டும் 682. தான் பூட்டிய இயந்திரத்தைத் தானே கழற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு, அந்த மனிதர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாராம். மறுபடி சண்டை வரக்கூடாது என்ற எண்ணத்தில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் பசி குற்றவாளி யார் என்று விசாரித்துவிட்டு வயிற்றுக்குள் இறங்குவதில்லை, அம்மா. இதற்கு மேல் எழுதவில்லை. இந்தக் கடிதம் எத்தனை கை தாண்டி வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆச்சியின் தாய் தன் தையல் மெஷினை ரயிலில் ஏற்றி, ஐஃபெல் மலைப்பக்கத்துக் கமக்காரனிடம் கொடுத்து, ஒரு சாக்கு உருளைக்கிழங்கு வாங்கினார். திரும்பி வரும்போது ஸ்டேஷனில் பொலிஸ் சாக்கைப் பறித்துவிட்டது. 1948 ஜூன் 20ஆம் திகதி காசு மாறியது. ஆளுக்கு 40 புது மார்க். அடுத்த நாள் கடைக் கண்ணாடிக்குள் எல்லாச் சாமானும் இருந்ததாம், தையல் மெஷினும்தான். தாய் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாங்கவே இல்லை. இதைச் சொல்லும்போது ஆச்சி அழுதார். எனக்கு உங்கள் கால் மிதிக்கிற சத்தம் கேட்டது. இரவில் அந்தச் சத்தத்தில்தானே நாங்கள் மூன்று பேரும் நித்திரை கொள்வோம். இங்கே இரவு ஒரு சத்தமும் இல்லை. உங்கள் கையால் ஒரு கோப்பை ஒடியல் கூழ் குடிக்க வேண்டும் போல இருக்கிறது.

சரி, அலுவலுக்கு வருகிறேன். மெஷினை விற்க வேண்டாம். அக்காவின் சீதனத்துக்கு வடக்கு வளவை எழுதலாம், உறுதி பெரியம்மாவின் பெட்டகத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆனி வரை தவணை கேளுங்கள். இந்த முறை உண்டியல்காரர் மூலம் வரும் காசு கொஞ்சம் குறைவாக இருக்கும், மாசியில் சேர்த்து அனுப்புவேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். ஸ்டுட்கார்ட் போய்ச் சித்தப்பாவின் மகனைப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். எனக்கு இந்த நகரத்தை விட்டுப் போக இன்னும் அனுமதி எடுக்க வேண்டியிருக்கிறது, கிடைத்ததும் போவேன். ஆச்சி தன் பழைய கம்பளிக் கோட்டைத் தந்திருக்கிறார், குளிர் தெரியவில்லை.

தம்பி சோதனை எழுதி முடிக்கட்டும். அதற்கு முன் ஏஜென்டிடம் ஒருவரும் காசு கட்ட வேண்டாம்.

மெஷினைத் துணியால் மூடி வையுங்கள். எண்ணெய் தட்டுப்பாடு என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள், இறுகிப்போகும். ராசன் அண்ணையிடம் ஒரு சின்னப் போத்தல் மெஷின் எண்ணெய் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்