குட்டிக்கு, நேர்முகத் தேர்வுக்கு முன்

அன்புள்ள குட்டிக்கு,

உன் செய்தியை நான் எங்கே வைத்துப் பார்த்தேன் தெரியுமா? உன் ஊரில். தூத்துக்குடி வாகைகுளத்தில் விமானத்தை இறக்கி, பயணிகள் எல்லோரும் போய், அடுத்த கூட்டம் ஏறுவதற்கு நடுவில் கொஞ்ச நேரம் கிடைத்தது. போனை எடுத்தால், “கோ-பைலட் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாசம்” என்று ஒரே வரி. சற்று முன்புதான் கடலோர உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். மேலே இருந்து பார்த்தால் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும், ஓரத்தில் உப்பு அம்பாரம். உன் அப்பா கணக்கு எழுதிய அளம் எது என்று ஒவ்வொரு தடவையும் தேடுவேன். பக்கத்தில் இருந்த கேப்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, வீட்டில் விசேஷமா?” என்றார். ஆமாம் சார் என்றேன்.

அப்பாவுக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மா கொடுத்தனுப்பிய மக்ரூன் பத்திரமாக வந்து சேர்ந்தது, எங்கள் வீட்டில் இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். தம்பிக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம், பத்திரிகை வரும், நீ கண்டிப்பாக வர வேண்டும். நான் கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பறந்த நேரம் 1,500 மணியைத் தாண்டிவிட்டேன், அடுத்தது தாள்கள்தான்.

2019இல் நாம் லைசென்ஸ் கையில் வாங்கிய சமயம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஏப்ரலில் நாட்டின் பெரிய விமான நிறுவனம் ஒன்று மூடிவிட்டது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி வரிசையில் நின்றபோது, 200 மணி நேரம் பறந்த நம்மை யார் கேட்பார்கள்? அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்களே ஓடவில்லை. எனக்கு 2022இல் கதவு திறந்தது. நீ வீட்டுக்குப் போய், அப்பா படுக்கையில் இருந்த காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்து, அந்தப் பணத்தில் வருஷா வருஷம் மெடிக்கலும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான ஐஆர் தகுதியும் புதுப்பித்துக்கொண்டே இருந்தாய். நான் செய்ததை விட அது கடினம். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு நீ எழுதியதில், எதில் ஆரம்பிக்க என்று கேட்டாய். பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பறந்த நேரமெல்லாம் எழுதிய லாக்புக்கை எடு. ஒவ்வொரு பக்கத்தின் கூட்டலையும் கால்குலேட்டர் வைத்துச் சரிபார். தனியாகப் பறந்தது, இரவு, கிராஸ் கன்ட்ரி, இன்ஸ்ட்ருமென்ட் என்று ஒவ்வொரு பத்தியும் லைசென்ஸ் கொடுக்கும் டிஜிசிஏவின் தளத்தில் ஏற்றியதோடு ஒத்துப்போக வேண்டும். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டார்கள் இல்லையா, அப்படி நடந்த நாட்டில் ஒரு விமானி நீட்டும் ஒவ்வொரு காகிதத்தையும் உற்றுப் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கவும் வேண்டும். இன்னொன்று, அவர்கள் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்தத் தேதியில் என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்பார்கள். அது உன் வாழ்க்கை, உனக்குத் தெரியாமல் போகக் கூடாது.

வானிலையில் கவனமாக இரு. என் இன்டர்வியூவில் ஒரு மெட்டார் தாளை, அதாவது விமான நிலைய வானிலை அறிக்கையை, கையில் கொடுத்தார்கள். சென்னை, ஐப்பசி மழை. காற்று 050 பாகையிலிருந்து 18 நாட், வீச்சு 30 வரை, பார்வைத் தூரம் 2,000 மீட்டர், இடியுடன் மழை. படித்துக் காட்டினேன். குறுக்குக் காற்று எவ்வளவு என்றார்கள். ரன்வே 07, அதாவது 070 பாகை என்றால் வித்தியாசம் 20 பாகை, சைன் 20 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆக 6 நாட், வீச்சில் 10. அதையும் சொல்லிவிட்டேன். “இந்த 050 எந்த வடக்கிலிருந்து எண்ணியது?” என்றார் ஓரமாக உட்கார்ந்திருந்தவர். அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். மெட்டாரில் வருகிற காற்று உண்மை வடக்கை வைத்து. டவர் வாயால் சொல்வது காந்த வடக்கை வைத்து. ரன்வே எண்ணும் காந்த வடக்கில்தான். சென்னையில் இரண்டுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, நான் போட்ட கணக்கு அதனால் பெரிதாக மாறாது. ஆனால் புரிந்து சொல்கிறாளா, பாடம் பண்ணி ஒப்பிக்கிறாளா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எரிபொருளிலும் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. செஸ்னா பயிற்சி விமானத்தில் பழகிய நமக்குக் கடைசி இருப்பு என்றாலே 45 நிமிடம் என்றுதான் வாயில் வரும். அது பிஸ்டன் இன்ஜினுக்கு. நீ ஓட்டப் போகும் ஏடிஆர், இரண்டு புரொப்பெல்லர் வைத்த பயணிகள் விமானம், டர்பைன், அதற்கு 30 நிமிடம், 1,500 அடியில் வட்டமடிக்கும் வேகத்தில். கேள்வியைக் கேட்டதும் எந்த விமானம் என்று மனதில் ஒரு முறை கேட்டுக்கொண்டு பிறகு பதில் சொல்லு.

இப்போது நான் சறுக்கிய இடம். பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு புரொப்பெல்லரும் வலப்பக்கமாகச் சுற்றினால், எந்த இன்ஜின் நின்றுபோனால் சமாளிப்பது அதிகக் கஷ்டம் என்று கேட்டார்கள். யோசிக்காமல் வலது என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. “சார், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன், வரைந்து பார்க்கலாமா?” என்றேன். ஒருவர் மார்க்கரை என் பக்கம் தள்ளினார். விமானத்தை வரைந்தேன், இரண்டு வட்டம் போட்டேன். மூக்கைத் தூக்கி ஏறும்போது கீழிறங்கும் பிளேடுதான் அதிகமாக இழுக்கிறது, அது வட்டத்தின் வலப்பக்கம். வலது இன்ஜினில் அந்தப் பக்கம் உடம்பிலிருந்து தள்ளி இருக்கிறது, இடது இன்ஜினில் உடம்பை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் இடது நின்று வலது மட்டும் இழுத்தால்தான் திருகல் அதிகம். இடது, சார் என்றேன். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நேராகத் தைபே விபத்துக்குப் போனார்.

2015 பிப்ரவரி 4. அதுவும் ஏடிஆர் 72-600தான். கிளம்பி ஏறும்போது வலது பக்கப் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகிவிட்டது, அதாவது பிளேடுகள் காற்றை வெட்டும்படி திரும்பி இழுப்பதை நிறுத்திவிட்டன. ஒரு இன்ஜினோடு அந்த விமானம் ஏறும், திரும்பி வந்து இறங்கும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். 43 பேர் போய்விட்டார்கள். அதனால்தான் எங்களுக்குக் கையை மெதுவாக வைக்கச் சொல்லித் தருகிறார்கள். லீவர் மேல் கை வைக்க வேண்டும், எது என்று வாயால் சொல்ல வேண்டும், பக்கத்து சீட் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இழுக்க வேண்டும். பொக்காராவில் 2023 ஜனவரியில் இறக்கையின் ஃபிளாப் லீவருக்குப் பதிலாகப் புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களில் கை போனது. இரண்டு புரொப்பெல்லரும் ஃபெதர் ஆகி 72 பேர் இறந்தார்கள். இந்த இரண்டையும் நன்றாகப் படி. மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை, நாளைக்கு அதே லீவர்கள் மேல்தான் உன் கை இருக்கப் போகிறது.

நிறுவனத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போ. எத்தனை விமானம், எந்த ஊர்களிலிருந்து கிளம்புகின்றன என்பதெல்லாம் ஒரு மாலையில் முடிந்துவிடும். அதை விட முக்கியம், சின்ன ஊர்களுக்கு ஏன் ஏடிஆர் என்று உன் வார்த்தையில் சொல்லத் தெரிவது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் ஜெட்டை விடக் குறைந்த எரிபொருள் போதும், குட்டை ஓடுதளத்தில் இறங்கும். நான் முதல் தடவை இறங்கியபோது உங்கள் ஊர் ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர். 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்கு உள்நாட்டில் தரையிறங்கும் கட்டணமும் கிடையாது. சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதலில் போனதும் ஏடிஆர்தான். “சில வருஷம் இருந்துவிட்டு ஜெட்டுக்குப் போவீர்களா?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லு. ஆனால் இந்த வேலையைப் படிக்கட்டாக மட்டும் பேசாதே. ஒரு நாளைக்கு நான்கு தடவை கிளம்பி நான்கு தடவை இறங்குகிறேன், மழையிலும் வெயிலிலும். பறக்கக் கற்றுக்கொள்ள இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலம் திணறும் என்று பயப்படுகிறாய். பயப்படாதே, மொழித் தேர்வில் குறைந்தபட்சம் 4ஆம் நிலை வேண்டும், நீ 5 வாங்கியவள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு, போதும். எனக்கு உன்னைப் பற்றிய கவலை வேறு. நீ அமைதியானவள். எல்லாம் தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருப்பாய். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உன்னைப் பார்த்துக்கொண்டே யோசிப்பது ஒன்றைத்தான்: கதவைச் சாத்திவிட்டு நாள் முழுக்க இந்தப் பெண்ணோடு உட்கார்ந்தால், நான் தப்புச் செய்யும்போது இவள் வாய் திறந்து சொல்வாளா?

அதனால் கண்டிப்பாக ஒரு கேள்வி வரும். கேப்டன் உயரமாகவும் வேகமாகவும் இறங்க வருகிறார், சொன்னால் கேட்கவில்லை, என்ன செய்வீர்கள்? மங்களூர் விமான விபத்தை நினைத்துக்கொள். 2010 மே 22. கோ-பைலட் கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறு, என்று ஒரு தடவைக்கு மேல் சொன்னார். கேப்டன் தொடர்ந்தார். 158 பேர் இறந்தார்கள். அந்தக் கோ-பைலட்டின் குரல் காக்பிட் பதிவில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். ஆகவே மரியாதையாகச் சொல்வேன் என்பதோடு பதிலை நிறுத்திவிடாதே. முதலில் வேகத்தையும் உயரத்தையும் எண்ணாகச் சொல்வேன், அடுத்து கோ அரவுண்ட் என்று சத்தமாகச் சொல்வேன், அதற்கும் அசையவில்லை என்றால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வேன் என்று முடி. சொல்லும்போது குரல் தணியக் கூடாது.

இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள். ஊரடங்கு, சந்தை நிலவரம் என்று சுற்றாமல் அப்பா உடம்பு, டியூஷன், புதுப்பித்த தேதிகள் என்று நேராகச் சொல்லிவிடு. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வில் முதல் தடவை தவறியதையும் அவர்கள் கேட்பதற்குள் நீயே சொல்லு. எனக்கு நேவிகேஷன் தாள் ஒரு தடவை போனது, அதற்குக் காரணம் தேடிப் பேச ஆரம்பித்தபோது அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒழுங்காகப் படிக்கவில்லை என்று சொன்னதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்தை ஆரம்பித்ததே அதற்காகத்தான். துணிந்து பேசிய ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்று கேட்டால் உன்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறதடி. மத்தியப் பிரதேசத்தில் அந்த ஜனவரி காலை. பனி இப்போதுதான் விலகியது, வரிசையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், பயிற்சியாளர் சீக்கிரம் கிளம்பு என்கிறார். நான் செஸ்னாவில் தனியாக உட்கார்ந்து சாவியில் கை வைத்துவிட்டேன். முன் சக்கரத்தில், விமானத்தைக் கையால் இழுத்து நகர்த்தும் இழுகம்பி மாட்டியபடியே இருக்கிறது. எனக்குத் தெரியாது, சுற்றிப் பார்த்ததை அரைகுறையாக முடித்திருந்தேன். அங்கே நின்றவர்களில் உன் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது. நீ ஓடி வந்தாய், ஆனால் புரொப்பெல்லர் பக்கம் வரவில்லை. எனக்கு நேராகத் தெரியும்படி இடப்பக்கம் தள்ளி நின்று, தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே வைத்தாய். பயிற்சியாளர் பின்னாலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டே வந்தார், நீ கையை இறக்கவே இல்லை. நான் சாவியை எடுத்து வெளியே தூக்கிக் காட்டிய பிறகுதான் இறக்கினாய்.

அன்றைக்கு ராத்திரி அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. சுவரில் ஒட்டிய காக்பிட் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, கரண்டியை லீவராக வைத்துக்கொண்டு செக்லிஸ்ட் சொல்லிப் பார்த்தோம், தூங்கிவிட்டோம். அந்தச் சம்பவத்தைச் சொல்லு. என் பெயரை மறைக்காதே. இப்போது எங்கே பறக்கிறாள் என்று கேட்டால் அதையும் சொல்லு.

வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வா. நான் கேள்வி கேட்பேன், நடுவில் ஒன்றும் பேச மாட்டேன், நீ பதிலை முடித்த பிறகு எங்கே குரல் இறங்கியது என்று சொல்வேன். லாக்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள், ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வேண்டும். அப்பாவும் கேட்கட்டும், அவரையும் நாற்காலி போட்டு உட்கார வை.

அன்புடன்,
உன் ரூம்மேட்