பழைய பேசும் படங்களைக் காது கொடுத்துப் பார்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

போன வாரம் பேசும்போது, 1930-ஐ ஒட்டி வந்த ஹாலிவுட் படங்களைப் பற்றி நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "நாடகத்துக்கு முன்னால் கேமராவை வைத்துப் பிடித்த மாதிரி இருக்கு அக்கா, பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியலை" என்றாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். நீ சவுண்ட் மிக்ஸிங்கில் வேலை பார்ப்பவன். உன் தொழில் தொடங்கிய இடமே அந்தப் படங்கள்தான். உன்னை விட மனசில்லை.

நாடகம் மாதிரி இருப்பது பல படங்களுக்கு உண்மைதான். ஏன் அப்படி ஆனது என்று பார். 1927-ல் வார்னர் பிரதர்ஸ் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தை வெளியிட்டபோது ஒலி ஃபிலிமில் இல்லை, 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. வைட்டாஃபோன் என்று அந்த முறைக்குப் பெயர். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம் ஓடும். தியேட்டரில் ஃபிலிம் அறுந்து கொஞ்சம் ஃபிரேம் போய்விட்டால், அந்த ரீல் முடிகிறவரை வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். போன ஃபிரேமுக்கு ஈடாக அதே நீளத்துக்கு வெற்று ஃபிலிமை ஒட்டித்தான் ஆபரேட்டர் ஓட்ட வேண்டும்.

படப்பிடிப்பில் இதைவிடத் தொல்லை. தட்டில் பதிந்ததை வெட்டி ஒட்ட வழியில்லை. அதனால் காட்சியை ஒரே மூச்சில் நடிக்கவைத்து, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். கேமரா போடும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று, கேமராவையும் கேமராமேனையும் சேர்த்துக் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் அடைத்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. ஆர்க் விளக்குகள் இரைந்ததால் அவற்றுக்குப் பதில் பல்பு விளக்குகள் வந்தன. மைக்கை செட்டில் எங்காவது மறைத்து வைத்துவிட்டு, நடிகர்களை அதைச் சுற்றியே நிற்கச் சொன்னார்கள். நீ பார்த்துச் சலித்த அந்த அசையாத ஷாட்டுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

ஆனால் எல்லோரும் இதற்கு அடங்கிப் போய்விடவில்லை. முதலில் ரூபன் மமூலியனைச் சொல்ல வேண்டும். டிஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசி) பிறந்த ஆர்மீனியர். நியூயார்க்கில் மேடை நாடகம் இயக்கிக்கொண்டிருந்தவரை பாரமவுண்ட் பட நிறுவனம் கூப்பிட்டது, பேசும் படத்துக்கு நாடகக்காரர் தேவை என்று. அவர் 1929-ல் எடுத்த முதல் படம் 'அப்ளாஸ்'. கதை அந்தக் காலத்து அழுகைக் கதைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். மட்டரக மேடைகளில் ஆடிப் பாடி வயதாகிவிட்ட தாய். கன்னிமாடத்தில் வளர்ந்து அவளிடம் திரும்பி வந்திருக்கும் மகள். இரவு, படுக்கையறை. மகளைத் தூங்கவைக்கத் தாய் பாடுகிறாள், அவளுக்குத் தெரிந்த மேடைப் பாட்டைத்தான் தாலாட்டாகப் பாடுகிறாள். மகள் அதே நேரம் முணுமுணுப்பாக ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும் என்றார் மமூலியன். ஒரு மைக், ஒரு டிராக் (ஒலித்தடம்), முடியாது என்றார்கள் ஒலிப்பதிவுக்காரர்கள். இரண்டு மைக் வைத்து இரண்டு டிராக்கில் எடுத்து, பிரிண்ட் போடும்போது சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டு, சண்டை போட்டு அதை நடத்தியும் காட்டினார். பிற்பாடு பேட்டிகளில் அவரே சொன்னது இது. கேமராக் கூண்டும் சும்மா நிற்கவில்லை, சக்கரம் வைத்துத் தள்ளினார்கள். இன்றைக்கு நீ கணினியில் எத்தனை டிராக்கை அடுக்குகிறாய்? இரண்டாவது டிராக்குக்கு அன்று ஒரு மனிதன் சண்டை போட வேண்டியிருந்தது. யாருடைய பேச்சு கேட்க வேண்டும் என்ற கேள்வியைத் தாண்டி, எது எதனோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று அவர் யோசித்தார். நான் இந்தப் படங்களை நேசிக்க இதுதான் காரணம்.

அதே ஆள் 1932-ல் 'லவ் மி டுநைட்' எடுத்தார். அதன் தொடக்கத்தை ஹெட்போன் போட்டுக் கேள். விடிகாலைப் பாரிஸ். கோயில் மணி. தெருவில் ஒருவன் கடப்பாறையால் தட்டுகிறான். எங்கோ குறட்டை. துடைப்பம் உரசுகிறது. குழந்தை அழுகிறது. செருப்புத் தைப்பவர்கள் ஆணி அடிக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தாளம் கட்டி, ஊரே ஒரு வாத்தியக் கோஷ்டியாகிவிடுகிறது. இதற்குப் பிறகுதான் நாயகன் மாரிஸ் ஷெவாலியே வாயைத் திறக்கிறார். அப்புறம் ஒரு பாட்டு, தையல்கடையில் தொடங்கி, வாடிக்கையாளர், டாக்ஸிக்காரர், ரயிலில் போகும் சிப்பாய்கள் என்று வாய் மாறி வாய் மாறிப் போய், கடைசியில் அரண்மனையில் இளவரசியின் வாயில் வந்து சேருகிறது. நாயகனும் நாயகியும் அதுவரை சந்திக்கவே இல்லை!

இன்னொரு இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிச் வேறு வகை. ஒலி வந்ததால் எதையெல்லாம் காட்டாமல் விடலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். 1932-ல் வந்த 'டிரபிள் இன் பாரடைஸ்' படத்தில் ஒரு மாலை முழுக்க நாம் பார்ப்பது கடிகாரத்தை. மணி ஐந்து ஆகிறது, ஏறிக்கொண்டே போகிறது, இரவாகிறது. குரல்கள் மட்டும் கேட்கின்றன. ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நெருக்கம் கூடிவருவது நமக்குக் காதாலேயே தெரிந்துவிடுகிறது. 1934-ல் தணிக்கை விதிகள் கறாரான பிறகு, 1935-ல் இந்தப் படத்தை மறுபடி வெளியிட அனுமதி கிடைக்கவில்லை.

'டிராகுலா' பேய்ப் படத்தில் கிட்டத்தட்ட இசையே இல்லை என்று குறைப்பட்டாயே, அதற்கும் பதில் இருக்கிறது. அந்தப் படம் வந்த 1931-ஐ ஒட்டி, பதிந்த ஒலியை மறுபடி பதிந்து கலந்தால் தரம் அடிபடும். வசனத்துக்கு அடியில் இசை வேண்டுமென்றால் வாத்தியக்காரர்களைப் பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே உட்காரவைக்க வேண்டியிருந்தது. படம் எடுத்த பிறகு பின்னணி இசை சேர்ப்பதை நம் ஊரில் ரீ-ரெக்கார்டிங் என்கிறோமே, அது அங்கே நிலைகொள்ளக் கொஞ்சம் காலம் பிடித்தது. 1933-ல் 'கிங் காங்' வரும்போது மாக்ஸ் ஸ்டைனரின் இசை படத்தின் பெரும்பகுதிக்குத் துணை வருகிறது. அந்தக் குரங்கின் கர்ஜனையை ஒலிக் கலைஞர் மர்ரி ஸ்பிவாக் உண்டாக்கிய விதம் உனக்குப் பிடிக்கும்: சிங்கம், புலியின் உறுமலைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து, பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டுக் கலந்தார். இரண்டே வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள், பார்.

முதலில் 'லவ் மி டுநைட்' பார். 'அப்ளாஸ்' படத்தைப் பிறகு எடுத்துக்கொள், அதன் ஒலியில் இரைச்சல் அதிகம், பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்தப் படுக்கையறைக் காட்சி வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேள். பாட்டும் ஜெபமும் என்ன அளவில் கலந்திருக்கின்றன, எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றுக்கு வழிவிடுகிறது என்று உன் காது பிடித்துவிடும். அதை எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா