பெட்டகத்துல பூட்டி வெச்சா மட்டும் அறிவு பிழைச்சிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாகரிகமே சரிஞ்சு போனா சேர்த்து வெச்ச அறிவை எப்படிக் காப்பாத்துறதுன்னு ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முழுக்க பெட்டகம் பெட்டகம்னே பேசுது. நார்வேயோட ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுல கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள 2020ல 186 ஃபிலிம் ரீல்ல 21 டெராபைட் சாஃப்ட்வேர் நிரல்கள கொண்டுபோய் வெச்சிருக்காங்க, ஆயிரம் வருஷம் தாங்கணும்ங்கறது கணக்கு. தாங்கட்டும். வெளிய எடுக்குறவனுக்கு படிக்கத் தெரியணுமே? (சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கண்ணால படிக்கிற மாதிரி ஒரு வழிகாட்டியும் கூட வெச்சிருக்காங்க, அதுவரைக்கும் சரி.)

என் டிராயர்ல ஒரு சிடி கெடக்கு. மேல மார்க்கர்ல "முக்கியம்"னு என் கையெழுத்துலயே எழுதியிருக்கு. அடிப்பக்கம் ஓரமா பொட்டுப் பொட்டா வெளுத்துப் போச்சு, லேப்டாப்புல டிரைவே கிடையாது, இரவல் வாங்குன டிரைவ்ல போட்டா கர்ருனு நாலு சுத்து சுத்திட்டு நின்னுடுது. அப்படி என்னதான் முக்கியம்னு இப்ப எனக்கே ஞாபகமில்ல!

பெரிய எடத்துலயும் இதே கதைதான். 1086ல இங்கிலாந்துல எடுத்த நிலக் கணக்கு டூம்ஸ்டே புக், அதோட 900வது வருஷத்துக்காக 1986ல பிபிசி புதுசா ஒண்ணு தயார் பண்ணி லேசர் டிஸ்க்ல ஏத்துனாங்க, 20 வருஷம் கூட ஆகல, அதை ஓட்ட மெஷின் கிடைக்காம அல்லாடி தனியா ஆள் போட்டு மீட்க வேண்டியதாச்சு. தோல்ல எழுதுன பழசு இன்னைக்கும் விரிச்சா படிக்கலாம், லத்தீன் தெரிஞ்சா போதும்.

பழைய அசீரியப் பேரரசோட தலைநகர் நினிவேல இருந்த நூலகம் இன்னொரு தினுசு, அங்க எழுத்தெல்லாம் களிமண் பலகையில. கி.மு. 612ல எதிரிங்க ஊரைக் கொளுத்துனாங்க, பலகைங்க அந்தத் தீயிலயே வெந்து இன்னும் கெட்டியாயிடுச்சு. 19ம் நூற்றாண்டுல தோண்டி எடுத்தப்போ அந்த எழுத்த யாராலயும் சரியா படிக்க முடியல, 1857ல நாலு பேர்கிட்ட ஒரே வாசகத்த தனித்தனியா குடுத்து நாலு பேர் மொழிபெயர்ப்பும் ஒத்துப்போன பிறகுதான் உலகம் நம்புச்சு. கிரீஸ் பக்கம் இருக்குற கிரீட் தீவோட பழைய எழுத்தான லீனியர் ஏவுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரல, பலகை பத்திரமா இருக்கு, என்ன சொல்லுதுன்னுதான் தெரியல.

ஆனா என்னை ரொம்ப பயமுறுத்துறது நாகரிகம் எதுவும் சரிஞ்சு போகாத காலத்துலயே மறந்துபோன ஒரு விஷயம். ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் வந்து பல்லு ஆடி மாலுமிங்க கும்பல் கும்பலா செத்த நோய். 1747ல ஜேம்ஸ் லிண்ட்ங்கற கப்பல் டாக்டர் 12 நோயாளிகள ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொண்ணு குடுத்துப் பார்த்தார், கடல் தண்ணி, வினிகர், இப்படி. ஆரஞ்சும் லெமனும் (பெரிய மஞ்சள் எலுமிச்சை) தின்ன ஜோடிதான் சட்டுனு தேறுச்சு. 1795ல பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாறு குடுக்க ஆரம்பிச்சு நோயே கிட்டத்தட்ட ஒழிஞ்சுது. அப்புறம் 1860கள்ல மஞ்சள் லெமனுக்கு பதிலா மேற்கிந்தியத் தீவுல விளையுற சின்ன பச்சை லைமுக்கு மாறுனாங்க, ரெண்டும் புளிக்குதே, போதாதா? போதாது, லைம்ல அந்த நோயைத் தடுக்குற சத்து ரொம்பக் கம்மி, சாறு செம்புக் குழாய் வழியா போனதுல இருந்ததும் போச்சு. நீராவிக் கப்பல் வந்து பயணம் சுருங்கிட்டதால யாருக்கும் உறைக்கல. 1875ல வடதுருவத்த நோக்கிப் போன குழுவுக்கு திரும்ப ஸ்கர்வி வந்தப்போ, அப்ப எலுமிச்சை கதையே பொய்யான்னு சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாங்க, கெட்டுப்போன டின் கறிதான் காரணம்னு டாக்டர்களே சொன்னாங்க. அந்தச் சத்து வைட்டமின் சின்னு 1930கள்ல புடிபட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்துச்சு.

அந்தக் கடற்படைகிட்ட ஆவணத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. "சாறு குடு"ன்னு எழுதி வெச்சாங்க, ஏன் குடுக்கணும், வேற பழம் போட்டா என்ன ஆகும்ங்கறது யாருக்கும் தெரியல, அதான் வினை. இன்னைக்கு நாம பெட்டகத்துல அடுக்குறதுல எவ்வளவு இந்த மாதிரி வெறும் "சாறு குடு" ரகமோ.

பிரதி விஷயமும் சொல்லணும். ஆர்க்கிமிடிஸோட ஒரு நூல் நமக்குக் கிடைச்சது ஒரே ஒரு பிரதியில, அதையும் 13ம் நூற்றாண்டுல சுரண்டிட்டு மேல பிரார்த்தனை எழுதிட்டாங்க, 1906ல அடியில மங்கலா தெரிஞ்ச எழுத்த ஒருத்தர் கண்டுபிடிச்சதால தப்பிச்சுது. பத்து இடத்துல பத்து பிரதி இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல.

உங்க கையில தினமும் ஆயிரக்கணக்குல பிரதி போகுது, கரண்ட் இல்லாமலே படிக்கலாம். வாரம் அரைப் பக்கம் ஒதுக்கி ஒரு அடிப்படை வேலைய செய்யுற விதத்தையும் அதோட காரணத்தையும் போடுங்களேன். முதல் வாரம் தண்ணிய சுத்தம் பண்றது போடலாம், கொதிக்க வைங்கன்னு மட்டும் நிறுத்திடாம எதுக்குக் கொதிக்க வைக்கணும்ங்கறதையும் சேர்த்து.

இப்படிக்கு,
தினமும் உங்க பேப்பர் படிக்கிற ஒரு வாசகர்