காஞ்சனபுரியில் உதவிய அம்மாவுக்கு நன்றி

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், குவாய் ஆற்று ரயில் பாலத்தருகே இளநீர் விற்கும் அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி.

1942-43இல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையைப் பார்க்க வருகிறவர்கள் பலர், பாலத்தையும் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏறக்குறைய 7,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே உறங்குகிறார்கள். பராமரிப்பு அருமை. ஆனால் இந்தப் பாதை போட மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்களுக்கு அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. என் தாத்தாவின் அண்ணனும் அவர்களில் ஒருவர்.

அவர்களுக்கான நினைவிடம் தாவோர்ன் வராராம் கோயிலில் இருக்கிறது. வழி கேட்டுக் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா அரிவாளைத் துடைத்து வைத்தார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்தார். தம் ஸ்கூட்டரிலேயே என்னை அழைத்துப் போனார். வாசலில் ஊதுபத்தி வாங்கி, பாதியை என் கையில் கொடுத்துவிட்டு, மீதியைத் தாமே ஏற்றி வணங்கினார். பணம் நீட்டியபோது வாங்காமல் என் கையை மடக்கிவிட்டார்.

அம்மா, எங்கள் பெரிய தாத்தாவுக்கு அந்த மண்ணில் முதலில் ஊதுபத்தி ஏற்றியவர் நீங்கள்தான். எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.