அலுமினிய பிரேமில் விரிசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடிப் பக்கம் பழைய கியர் சைக்கிள்கள் நிறைய கைமாறுகின்றன. பலவும் அலுமினிய பிரேம். கோட்டையூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் வாங்குவோருக்குச் சொல்கிறேன்.

ஹேண்டில்பார் நிற்கும் குழாயின் அடிப் பற்றவைப்பு, பெடல் அச்சுக்கூடு, பின்சக்கரம் பூட்டும் இடம், சீட்டுக் குழாயின் வாய் ஆகியவற்றை அழுக்குப் போகத் துடைத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அங்கே பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பெயின்ட்டோடு கோடும் போய்விட்டால் பெரும்பாலும் பயமில்லை. உலோகத்திலும் தொடர்ந்தால் விரிசல்தான். சந்தேகம் தீராவிட்டால் சாயச் சோதனை இருக்கிறது. சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பொடிப் பூச்சு (டெவலப்பர்) தெளித்தால் விரிசல் சிவப்பாக எழும்பும்.

இரும்பு பிரேம் என்று நினைத்துப் பித்தளைப் பற்று வைக்கக் கொண்டுபோகாதீர்கள். அலுமினியம் சிவந்து எச்சரிக்காமலே 660 டிகிரிக்குள் உருகிவிடும். அதன்மேல் படிந்த ஆக்சைடோ 2,000 டிகிரி தாண்டித்தான் உருகும்; அதனால் பற்றும் சரியாகப் பிடிக்காது. ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் (மின்பொறிப் பற்றவைப்பு) செய்தாலும், பிரேமுக்குப் பயன்படும் 6061 போன்ற அலுமினியக் கலவை அந்தச் சூட்டில் வலு இழக்கும். பிறகு முழு பிரேமையும் சூளையில் பதப்படுத்த வேண்டும். அப்படிப்பட்ட சூளையை நம் கிரில் பட்டறைகளில் நான் பார்த்ததில்லை. 'ஒட்டிவிடலாம் அண்ணே' என்ற பேச்சு மட்டும் தாராளம். ஹேண்டில்பார் பக்கம் விரிசல் என்றால் பழைய இரும்புக் கடையே கதி.

அழகப்பா பொறியியல் கல்லூரி மாணவர்கள் அவ்வப்போது ஒரு சனிக்கிழமை இந்தச் சாயச் சோதனையைப் பொதுமக்களுக்குச் செய்துகாட்டக் கல்லூரி நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சைக்கிள் கடைக்காரர்,
கோட்டையூர்